ஆறு எடுத்த ஊர், ஆறு கொடுக்கும் ஊர்

போர்ட் கிள்ளானில் புறப்படும் கொமுட்டர் ரயில் கிள்ளான், ஷா ஆலம், சுபாங் ஜெயா என்று நின்று நின்று கேஎல் சென்ட்ரலுக்கு வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தை அங்கே ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறது. சுங்கை பூலோ தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். ரவாங்கில் மிச்சம் பேரும் இறங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோல குபு பாரு, கடைசியில் தஞ்சோங் மாலிம். ரவாங்கைத் தாண்டியதிலிருந்து வலப்பக்க ஜன்னலில் தித்திவங்சா மலைத்தொடர் கூடவே வருகிறது.

நம்மவர்களுக்கு இந்த ஊர்கள் புதிதல்ல. சித்தப்பா மகள் கல்யாணம், தோட்டத்துக் கோயில் திருவிழா, கருமாதி என்று போய் வந்த ஊர்கள்தான். ஊர் சுற்றுவதென்றால் மட்டும் கேமரன் மலை, லங்காவி, கொஞ்சம் வசதி வந்தால் பாலி. வீட்டு வாசலிலிருந்து ஒரே ரயிலில், சில வெள்ளிக் கட்டணத்தில் போய்ச் சேரக்கூடிய மலையடிவாரம் நம் பட்டியலில் ஏறவே இல்லை. ஏறியவர்கள் வேறு ஆட்கள். சனிக்கிழமை காலையில் கோல குபு பாரு கடைத்தெருவில் போய் நின்றால் தெரியும். விலை உயர்ந்த சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும், கார்க் கூரைகளில் கயாக் கட்டியிருக்கும், மலையேறும் சப்பாத்து போட்ட கூட்டம் கோப்பிக் கடையில் பசியாறிக்கொண்டிருக்கும்.

உலு சிலாங்கூரின் சிறு ஊர்கள் இன்று ஆற்றையும் மலையையும் காட்டிப் பிழைக்கப் பார்க்கின்றன. ஈயம் போய்விட்டது, ரப்பர் போய்விட்டது, மூன்றாவதாக வந்திருப்பது இது. ஆட்கள் வருகிறார்களா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, வருகிறார்கள். வந்த காசு ஊரில் தங்குகிறதா? ஈயத்துக்கும் ரப்பருக்கும் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவது சுற்றில் என்ன கிடைக்கிறது? நான் கேட்க நினைப்பது இதைத்தான்.

கோல குபு பாருவின் பழைய கதையைச் சொல்லாமல் இன்றைய கதையைச் சொல்ல முடியாது. கோல குபு என்ற ஈயச் சுரங்க ஊர் ஒன்று ஆற்றங்கரையில் இருந்தது. அதற்கு மேலே மண்ணால் எழுப்பிய பழைய அணை. 1883-இல் அந்த அணை உடைந்து ஊரை வாரிக்கொண்டு போனது. செத்தவர்களில் மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் ஒருவர். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையைத் துரை சுட்டார், அதனால்தான் அணை போனது என்பது ஊர்க்கதை. துரை சுட்டாரோ இல்லையோ, ஊர் பாடம் கற்கவில்லை. மேலே மலையில் ஈயம் தோண்டித் தோண்டிக் கழுவிவிட்ட மணல் ஆற்றின் அடியை உயர்த்திக்கொண்டே வந்தது. மழைக்கு மழை வெள்ளம். 1926-இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கமே கைவிரித்தது. ஊரைத் தூக்கி மேட்டில் வைப்பதென்று முடிவானது.

அப்படிப் பிறந்ததுதான் கோல குபு பாரு. திட்டம் போட்டவர் சார்ல்ஸ் ரீட், கூட்டரசு மலாய் மாநிலங்களின் முதல் நகரத் திட்டமிடல் அதிகாரி. தோட்ட நகரம் என்ற கருத்து அப்போது இங்கிலாந்தில் பேசப்பட்டு வந்தது. அதை இங்கே கொண்டுவந்து, கடைத்தெரு ஒரு பக்கம், குடியிருப்பு ஒரு பக்கம், நடுவில் புல்வெளி என்று பிரித்தார். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர் மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. இன்றைக்குப் போனாலும் அந்தப் புல்வெளி இருக்கிறது. இரண்டு வரிசைக் கடைவீடுகள், ஒரு பழைய தபால் நிலையம், தமிழ்ப்பள்ளி, பின்னால் நேராக மலை. நாட்டில் எத்தனையோ ஊர்களில் பழைய கடைவீடுகளை இடித்துவிட்டு, பிறகு அவற்றைச் சுவரில் சித்திரமாகத் தீட்டி வைக்கிறார்கள். இங்கே கடைவீடே நிற்கிறது. பணம் வராத ஊருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அது.

ஊரிலிருந்து கிளம்பும் 55-ஆம் எண் கூட்டரசுச் சாலை மலையில் வளைந்து வளைந்து கேப் என்ற இடத்துக்கு ஏறுகிறது. அங்கிருந்து பிரேசர் மலை. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டது இந்தச் சாலையில்தான். இன்று அதே வளைவுகளில் சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்குகிறார்கள். கேப்புக்கு அப்பால் ரவுப் பக்கம் இறங்கினால் செம்பாம் ஆறு. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கக் கம்பெனி 1900-இல் அந்த ஆற்றில் புனல் மின்சாரம் எடுத்தது. அதற்கும் முன்னால், 1894-இல், நம் தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். மலாயாவில் மின்சாரம் எரிந்தது அங்கேதான் முதலில். பத்துமலையைக் கோயிலாக்கிய பிள்ளையைத் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் நினைக்கிறோம். ரவாங்கில் ரயில் நிற்கும்போது அவர் நினைவு யாருக்கும் வருவதில்லை.

சரி, ஆற்றுக்கு வருவோம். சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கத்துச் சரிவுகளில் பிறந்து, சுமார் 110 கிலோமீட்டர் ஓடி, கோல சிலாங்கூரில் கடலைத் தொடுகிறது. மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தானுக்குப் போயிருப்பீர்களே, அந்த ஆறும் இதுதான். மேல்பகுதியில் பாறைக்குப் பாறை மோதி வருவதால் ரப்பர் படகில் போகவும் கயாக் பழகவும் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இதைவிட்டால் வேறு ஆறு இல்லை. நீரோட்டத்தின் கடுமையை ஆறு தரமாகப் பிரிப்பார்கள். இங்கே சாதாரண நாளில் முதல் தரத்திலிருந்து மூன்றாம் தரம் வரை. நீந்தத் தெரியாதவரும் போகலாம், சொன்னபடி கேட்டால்.

சொல்வது எப்படி என்று ஒரு சனிக்கிழமை கரையில் நின்று கேட்டேன். வழிகாட்டி இருபத்தைந்து வயதைத் தாண்டாத தமிழ்ப் பையன். எதிரே கிள்ளானிலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம். தலைக்கவசத்தின் வாரை ஒவ்வொருவர் தாடைக்கும் கீழே இழுத்து, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தான். மிதவைச் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினான். காதுவரை ஏறினால் சட்டை பெரிசு, மாற்ற வேண்டும்.

“விழுந்துட்டா நீந்தப் பாக்காதீங்க அக்கா. மல்லாந்து படுங்க. கால் ரெண்டும் முன்னால இருக்கணும். எழுந்து மட்டும் நிக்காதீங்க.”

“ஏன் தம்பி, இடுப்பளவு தண்ணிதானே?”

“இடுப்பளவு தண்ணியிலதான் அக்கா கால் பாறைல மாட்டும். மாட்டுச்சுன்னா தண்ணி மேல ஏறித் தள்ளும். அப்ப இடுப்பளவு தண்ணியே போதும்.”

அந்த அம்மா அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. துடுப்பின் தலைப்பிடியை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். பிடி விட்டால் பக்கத்தில் இருப்பவர் பல் போகும். இப்படி கால் மணி நேரம் பாடம் நடந்த பிறகுதான் படகு தண்ணீரில் இறங்கியது. கரையில் இன்னொரு பக்கம் நம் குடும்பம் ஒன்று பாய் விரித்து, குண்டானில் கோழிக் கறியும் பொட்டலத்தில் நாசி லெமாக்குமாக உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் லோரி டயரின் உள்டியூபில் ஏறி ஆற்றில் மிதந்தார்கள். தலைக்கவசமும் கிடையாது, பாடமும் கிடையாது. அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நானும் டியூபில் மிதந்து வளர்ந்தவன்தான்.

படகுக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதைவிட அணையைப் பார்க்கிறார்கள். ஊருக்கு மேலே இருக்கும் சிலாங்கூர் ஆற்று அணை சுமார் 110 மீட்டர் உயரம். 2000-களின் தொடக்கத்தில் கட்டி முடித்தார்கள். இதிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் நகரத்துக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அணை தண்ணீரை ஆற்றிலேயே விடுகிறது. அது ஆறாகவே ஓடி, கீழே ரந்தாவ் பாஞ்சாங் பக்கத்து ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே சுத்திகரித்துத்தான் வீடுகளுக்கு வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர். மழையில்லாத மாதத்தில் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று அணையைத் திறந்தால் படகுக்காரருக்குக் கொண்டாட்டம். திறக்காவிட்டால் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். படகுக்கு அடியில் குதித்தோடும் தண்ணீர் பிறகு பிரிக்பீல்ட்ஸ் மாடிவீட்டுக் குழாயில் வருகிறது.

அணை வந்தபோது நகர்ந்தவர்கள் தெமுவான் பூர்வகுடிகள். பெர்தாக், கெராச்சி என்ற அவர்களுடைய இரண்டு கம்பங்களும் இடம் மாறின. மூதாதையரின் நிலம், பழ மரங்கள், ஆற்றுவளைவுகள் தண்ணீருக்கு அடியில் போயின. இழப்பீடும் கல்வீடும் கிடைத்தன. டுரியான் காலத்தில் சாலையோரம் கொட்டகை போட்டு பழமும் பெத்தாயும் விற்பவர்கள் அவர்கள். 1,053 மீட்டர் உயரமுள்ள புக்கிட் குத்து மலைக்குப் பாதை அவர்கள் கம்பத்தின் வழியாகத்தான் ஏறுகிறது. 1890-களில் வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற வந்து தங்கிய பங்களா ஒன்று அதன் உச்சியில் இருந்தது. இப்போது புகைபோக்கி மட்டும் நிற்கிறது. அந்தப் புகைபோக்கியோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் பாதிப்பேர் ஏறுகிறார்கள். காட்டை அறிந்தவர்கள் தெமுவான்கள். ஆனால் வழிகாட்டிச் சான்றிதழ், இணையத்தில் முன்பதிவு, வங்கிக் கணக்கு என்று வரும்போது நகரத்திலிருந்து வரும் கம்பெனி முன்னால் போய்விடுகிறது. கம்பத்துக்குக் கிடைப்பது கார் நிறுத்தும் காசு.

நம் கதையும் இதற்கு ரொம்பத் தூரமில்லை. உலு சிலாங்கூர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறியவர்கள் புக்கிட் பெருந்தோங், பத்தாங் காலி, ராசா பக்கத்து மலிவு வீடுகளுக்கு வந்தார்கள். நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது ஊரறிந்த விஷயம். 2024 மே 11-இல் நடந்த கோல குபு பாரு இடைத்தேர்தலில் அந்த வீடுகள் மேடைக்கு மேடை பேசப்பட்டன. தொகுதியில் இந்திய வாக்காளர் ஏறத்தாழ 18 விழுக்காடு, பேசாமல் முடியுமா? கோலாலம்பூரின் குப்பை லோரி லோரியாகப் போய் இறங்கும் நிலநிரப்பு மையமும் இருப்பது இதே உலு சிலாங்கூரின் புக்கிட் தாகாரில்தான். நகரம் இந்த மாவட்டத்திலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டு குப்பையைக் கொடுக்கிறது. கொடுக்கல் வாங்கல் இதைவிட நேராக எங்கே நடக்கும்!

பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைக்கும், லோரிக்கும், பாதுகாவலர் வேலைக்கும் போகிறார்கள். ஆற்றில் வேலை இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் இருக்கும், இல்லையென்றால் இருப்பதாகச் சொல்வார்கள்.

பயத்துக்குக் காரணமும் உண்டு. மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஆறு எழும். மலாயில் கெப்பாலா ஆயர் என்பார்கள். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்குவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, ஆற்றின் சத்தம் மாறுவது — இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் துண்டையும் குண்டானையும் விட்டுவிட்டு மேடேற வேண்டும். எடுத்துக்கொண்டு போகலாம் என்று திரும்பியவர்கள்தான் செய்தித்தாளில் வருகிறார்கள். சிலிங் ஆற்று நீர்வீழ்ச்சிப் பக்கம் போகிறவர்கள் ஆற்றையே பலமுறை குறுக்கே கடக்க வேண்டும் என்பதால் அங்கே இந்த அபாயம் இரட்டிப்பு. மீன்வளத் துறை கெலா மீனைக் காப்பாற்றி வைத்திருக்கும் இடமும் அது. தண்ணீரில் நின்றால் முழங்கால் நீள மீன்கள் கூச்சமில்லாமல் சுற்றி வரும்.

ஆற்றைவிடப் பெரிய அடி மலையிலிருந்து வந்தது. 2022 டிசம்பர் 16, விடியற்காலை. பத்தாங் காலிக்கும் கெந்திங்குக்கும் இடைப்பட்ட சாலையோரத்தில் இயற்கைப் பண்ணை ஒன்றில் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்தது. சிக்கிய 92 பேரில் 31 பேர் பிழைக்கவில்லை. பள்ளி விடுமுறை, பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள். பண்ணை நடத்த அனுமதி இருந்தது. கூடாரத் தளம் நடத்த உரிமம் இல்லை என்று அமைச்சரே பிறகு சொன்னார். கொரோனாவுக்குப் பிறகு வீட்டில் அடைந்து கிடந்த நகரம் காட்டைத் தேடி ஓடியபோது, கொஞ்சம் நிலமும் ஓர் ஓடையும் வைத்திருந்தவர்களெல்லாம் கூடாரத் தளம் திறந்தார்கள். உரிமம் கேட்டு யாரும் வரவில்லை. வந்தபோது நேரம் கடந்திருந்தது. அதன் பிறகு விதிமுறைகள் வந்தன, பல தளங்கள் மூடின. மலையேற வனத்துறையின் அனுமதிச் சீட்டு, பதிவுபெற்ற வழிகாட்டி என்று இறுக்கம் கூடியது. முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கட்டும், எனக்கு இதில் குறையில்லை. குறை வேறு இடத்தில்: சரிவுக்குக் கீழே கூடாரம் போடாதே என்று சொல்லும் அறிவிப்புப் பலகைகளில் தமிழைத் தேட வேண்டியிருக்கிறது.

உலு லங்காட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காஜாங், செராஸ் ஆட்களுக்கு அது கைக்கெட்டும் ஆறு. ஞாயிற்றுக்கிழமை பத்து 14-இல் கார் நகராது, சொங்காக் ஆற்றில் கால் வைக்க இடமிருக்காது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கம் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. பத்துமலையில் முருகனுக்குப் பின்பக்கம் சுண்ணாம்புப் பாறையில் கயிறு கட்டி ஏறுகிறவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வருகிறார்கள். முன்பக்கம் 272 படியேறும் நம்மில் பலருக்கு அது தெரியாது.

கோல குபு பாருவுக்குத் திரும்புகிறேன். நகரத்துக் கார் விடியற்காலை வருகிறது. நகரத்துப் பல்பொருள் கடையில் வாங்கிய இறைச்சியும் ஐஸும் பின்பக்கம் இருக்கிறது. ஊரைக் கடந்து ஆற்றுக்குப் போகிறது, சாயங்காலம் ஊரைக் கடந்து திரும்புகிறது. ஊருக்கு மிஞ்சுவது பம்பர்ஸும் போலிஸ்டைரின் பெட்டியும். சைக்கிள்காரரும் மலையேறுகிறவரும் கோப்பிக் கடையில் உட்காருகிறார்கள், ரொட்டி வாங்குகிறார்கள், சிலர் இரவு தங்குகிறார்கள். ஆகவே சிறு ஊருக்கு நல்லது காரில் வரும் நூறு பேரா, ரயிலில் வரும் முப்பது பேரா என்று கேட்டால் நான் முப்பது பேர் பக்கம். பையைத் தோளில் போட்டு வருகிறவன் சோற்றை ஊரில்தான் சாப்பிட வேண்டும். ஆனால் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை. ஈயக் காலத்தில் போட்ட தண்டவாளம் மலையை விட்டு விலகிப் போகிறது. ஊர் சில கிலோமீட்டர் தள்ளி மலைப்பக்கம் இருக்கிறது. இறங்கினால் வாடகைக் கார் கிடைத்தால் உண்டு. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் சொகுசாக வந்தவன் கடைசிக் கொஞ்சத் தூரத்துக்கு வெயிலில் நிற்கிறான். அடுத்த முறை அவனும் காரில் வருகிறான்.

2021-இல் உலு சிலாங்கூர் மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. சனி, ஞாயிறு இரண்டு வேன் விடுவது அதற்குப் பெரிய செலவா? ஆற்றங்கரையில் தெமுவான் பிள்ளைகளையும் தோட்டத்துப் பிள்ளைகளையும் காவலர்களாக அமர்த்தி, அந்தச் சம்பளத்தைத் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து ஒரு சென் ஒதுக்கிக் கொடுக்கலாம். நகரத்துக்கு இது தர்மமல்ல. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ரவாங் பக்கம் கோங் ஆற்றில் கலந்த கழிவு, சிலாங்கூர் ஆற்றின் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளையும் நிறுத்தியது. ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகள் வாழை இலையைக் கழுவத் தண்ணீரில்லாமல் திண்டாடிய நாள்கள் அவை. ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டம் இருக்கும் ஊரில் கழிவைக் கொட்ட வருகிறவன் யோசிப்பான். ஆற்றால் பிழைக்கிறவன்தான் முதலில் மோப்பம் பிடித்துப் போலீசுக்குச் சொல்வான்.

அந்த வழிகாட்டிப் பையன் மாலையில் படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுக் கொடுத்தேன். வார நாளில் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறான், வாரக் கடைசியில் ஆறு. சம்பளம் படகுக்கு இவ்வளவு என்று கணக்கு. தண்ணீர் இல்லாத நாளிலும் அது கிடையாது, தண்ணீர் மிஞ்சிய நாளிலும் கிடையாது. முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்கிறான். சொந்தமாக நடத்த ஆசை உண்டா என்று கேட்டதற்கு, “போட் ரெண்டு, இன்சூரன்ஸ், லைசென்ஸ்... யாரண்ணே குடுப்பா?” என்றான்.

கொடுக்க ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. இந்தியத் தொழில்முனைவோருக்கென்று தெக்குன் நிறுவனத்தில் ஸ்பூமி கடன் திட்டம் உண்டு. உணவகம், துணிக்கடை, முடிதிருத்தகம், பூக்கடை என்றால் மனுவைப் புரிந்துகொள்ள யாருக்கும் சிரமமில்லை. இரண்டு ரப்பர் படகும் பன்னிரண்டு தலைக்கவசமும் வாங்கக் கடன் வேண்டும் என்று உலு சிலாங்கூர்த் தோட்டத்துப் பையன் ஒருவன் மனுப் போட்டால், அதைப் படிக்கும் அதிகாரியின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு ஆசை.